நடக்காத கலவரத்தில் இறந்த ஒன்பது பேர்

அந்த மாதம் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை எங்கள் ஏழுமதகில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நெல் மண்டியில் வழக்கம்போல எடை போட்டார்கள், பெண்கள் பள்ளியில் மாதத் தேர்வு நடந்தது, பகல் இரண்டு மணிக்குப் பொடித்தூறலாகப் பெய்து நின்றது, கடைத்தெருவில் ஓர் எருமை வெற்றிலைக் கடைக்குள் தலையை நுழைத்து அரைக் கவுளி வெற்றிலையைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்குப் பெரிய சம்பவம் என்றால் அதுதான். ஆனால் பதினோராம் தேதி காலை ரேடியோச் செய்தியில், மாநில மந்திரிசபை கலைக்கப்பட்டது, சட்டசபை முடக்கப்பட்டது, அரசியல் சட்டப்படி இங்கே ஆட்சி நடத்த முடியாது என்று ஆளுநர் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார், மூன்றாம் தேதி ஏழுமதகு கடைத்தெருவில் இரு தரப்பார் மோதிக்கொண்டதில் ஒன்பது பேர் இறந்ததே அதற்குச் சான்று என்று வாசித்தார்கள். டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேறு ஏதோ ஏழுமதகு போலிருக்கிறது என்றார் ஒருவர். இருக்கும் என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தோம்.

மறுநாள் பகல் பதினொன்றேகால் பஸ்ஸில் அந்த ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள்.

எட்டு ஆண்கள், ஒரு பெண். முன்னால் இறங்கியவர் தோளில் துணிமூட்டை வைத்திருந்தார். வயிற்றில் கத்திக்குத்து, சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு, ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. அவருக்குப் பின்னால் கழுத்தில் வெட்டு வாங்கிய இரண்டு பேர், சைக்கிள் செயின் தடம் முதுகில் பதிந்த ஒருவர், நெஞ்சு கருகிய ஒருவர் என்று வரிசையாக இறங்கி, பஸ் ஸ்டாண்டு நிழலில் ஓரமாக நின்றார்கள். கடைசியாக அந்தப் பெண், இடது பக்கத் தலையில் கல்லடிக் காயத்தோடு, முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு இறங்கினாள்.

மூட்டைக்காரர் கைகூப்பினார். “இது ஏழுமதகுதானுங்களே? மூணாந்தேதி இங்க நடந்த கலவரத்துல செத்தவங்க நாங்க. தங்கறதுக்கு எடம் வேணும்.”

யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. வெயில் நேரம், வந்தவர்கள் களைத்திருந்தார்கள். பூக்காரி ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள், அவர்கள் அதைக் குடிக்காமல் ஆளுக்கு ஆள் கையில் வாங்கிக் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், சொந்தபந்தம் யார் என்று கேட்டோம். தெரியவில்லை என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் தெரிந்திருந்தது. ஜவுளி வியாபாரி, வயது சுமார் நாற்பத்தைந்து, வயிற்றில் குத்து. சுமைதூக்குபவர், வயது சுமார் முப்பது, கழுத்தில் வெட்டு. அடையாளம் தெரியாத பெண், வயது முப்பது மதிக்கத்தக்கவர், தலையில் கல்லடி. அதற்கு மேல் கேட்டால், படிக்காத பாடத்தில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகள்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆண்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்தோம், அது ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. பெண்ணை மட்டும் எட்டு ஆண்களோடு எப்படி விடுவது என்ற பேச்சு வந்தபோது, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த தில்லைக்கரசி, என் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லி அழைத்துப் போனாள். தில்லைக்கரசிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி கலியமூர்த்தியை வளர்த்து ஆளாக்கி அவனோடு மேட்டுத்தெருவில் இருந்தாள். அவன் நெல் மண்டிச் சுமைதூக்குவோர் சங்கத்துக்குச் செயலாளர். இருபது வருஷமாக இந்த ஊரில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் எழுதியவள் அவள். ஒரு தேதியை ஒருநாள் முன்னே பின்னே போட்டுத் தரச் சொல்லி அவளிடம் போய் ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பதால் அவள்மேல் எங்களுக்கு மரியாதையும் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஒரு வாரத்தில் ஒன்பது பேரும் எங்களுக்குப் பழகிவிட்டார்கள். அவர்கள் சாப்பிடுவதில்லை, ஆனால் தாளிக்கும் வாசனை அவர்களுக்குப் பிடித்திருந்தது, அதனால் ஹோட்டல் பின்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். முடிதிருத்தும் ராமானுஜம் வெட்டுக் காயத்தில் சீப்பு படாமல் அவர்களுக்குத் தலைவாரிவிடுவார். ஜவுளிக்காரர் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஒரே சேலை, நிறமும் கரையும் இல்லாமல் வெறும் ‘துணி’யாக மடித்திருக்க, அதைப் பார்த்துச் செட்டியார் கடைக்காரர் மனம் பொறுக்காமல் நான்கு கைத்தறிச் சேலையை மூட்டைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் தில்லைக்கரசியை அக்கா என்று கூப்பிட்டாள். அடுப்படியில் நின்று வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொண்டாள். வெங்காயம் உரித்தால் அவளுக்குக் கண்ணீர் வந்தது, அதைத் தொட்டுப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதாகத் தில்லைக்கரசி சொன்னாள்.

சந்தேகம் அதற்கப்புறம்தான் வந்தது. வாசல் வழியாக வந்த மாதிரி தெரியவில்லை, சாக்கடை அடைத்துத் தண்ணீர் ஏறுவதுபோலத் தரைக்குக் கீழிருந்து வந்தது.

முதலில் இவர்கள் உளவாளிகள் என்றோம். நகராட்சி மன்றத்தையும் கலைத்துவிட்டு மேகநாதன் என்று ஒரு தனி அலுவலரை அனுப்பியிருந்தார்கள். தலைவர், கவுன்சில், கமிட்டி எல்லாருடைய அதிகாரமும் அவர் ஒருவர் கையில். நாம் என்ன பேசுகிறோம் என்று பார்த்து அவருக்குச் சொல்ல அனுப்பிய ஆட்கள் இவர்கள் என்று கிசுகிசுத்து, ஒன்பது பேரில் யாராவது அருகில் வந்தால் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்க வேறொரு எண்ணம் வந்தது. காயம் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறோம். காயம் இருந்தால் கத்தி இருந்திருக்க வேண்டும், கத்தி இருந்தால் கை இருந்திருக்க வேண்டும். மூன்றாம் தேதி நான் கடைத்தெருவில்தான் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இரண்டு மணித் தூறலுக்கு ஒதுங்கி உள்ளே போய்விட்டேனே, அந்தக் கால்மணி நேரத்தில்? கீழத்தெருவில் நடந்திருக்கும் என்று மேலத்தெருவில் சொன்னார்கள். மேலத்தெருவில் நடந்து மறைத்துவிட்டார்கள் என்று கீழத்தெருவில் சொன்னார்கள். புருஷன் குளித்துக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி அவன் சட்டைக் கையைப் பிரித்துப் பார்த்தாள். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று அண்ணன் தம்பியைக் கேட்டான், ஏன் கேட்கிறாய் என்று தம்பி அண்ணனைக் கேட்டான், அதோடு அவர்கள் பேச்சு நின்றது. இரண்டாம் மாதம் பிறப்பதற்குள் ஊரில் பாதிப்பேர் கலவரம் நடந்தது என்று நம்பினார்கள். தங்கள் தெருவில் மட்டும் நடக்கவில்லை என்றும் நம்பினார்கள்.

செத்தவர்கள் இருந்தால் கொன்றவர்கள் வேண்டுமே. ஒரு புதன்கிழமை விடிந்து பால்காரர்கள் வரும் நேரத்தில் போலீஸ் வேன் வந்து பதினோரு பேரைப் பிடித்துப் போனது. கலியமூர்த்தி பல் விளக்கிக்கொண்டிருந்தவன், வாயில் நுரையோடு ஏறினான். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது, ஆட்சியைக் கலைத்த பிரகடனம் அமலில் இருக்கும்வரை காரணம் சொல்ல வேண்டியதும் கிடையாது. மண்டபத்திலிருந்த எட்டுப் பேரும் அந்தப் பெண்ணும் தாங்களாகவே நடந்து ஸ்டேஷனுக்குப் போய், எங்களை இவர்கள் கொல்லவில்லை, யார் கொன்றார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். “செத்தவங்க வாக்குமூலம் செல்லாது. சட்டத்துல எடமில்ல. வெயில்ல நிக்காதீங்க, போங்க.”

அந்தப் பெண் அன்று வீட்டுக்கு வந்து தில்லைக்கரசியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். “நான் வேற எங்கயாவது போயிடட்டுமாக்கா?”

“எங்க போவ?”

 தில்லைக்கரசி முறத்தில் வெங்காயத்தைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள்.

மூன்றாம் மாதம் தனி அலுவலர் மேகநாதனின் ஜீப் பதிவாளர் அலுவலக வாசலில் வந்து நின்றது. அது முழுதாக அரைமணி நேரம் நின்றதை எதிரே ஜெராக்ஸ் கடையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். உள்ளே நடந்ததைத் தில்லைக்கரசி ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

மேகநாதன் கத்தும் ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். ஆட்சியைக் கலைத்தது செல்லாது என்று பழைய மந்திரிகள் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள், கோர்ட்டில் ஒன்பது பேரின் இறப்புப் பதிவைக் கேட்டு உங்களுக்கு நேரடியாக உத்தரவு வரும், அதற்குள் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள் என்றார்.

“படிவத்துல ஊர், பேர், தகப்பன் பேர் கேக்குது சார். எரிச்ச எடம், பொதைச்ச எடம் கேக்குது.”

“தெரியவில்லைன்னு போடுங்க. அதுக்கு விதி இடம் கொடுக்குது.”

“விதி எடம் கொடுக்குது சார். ஆனா எங்க ஊர் எல்லைக்குள்ள செத்திருக்கணும். இவங்க பஸ்ல வந்து எறங்கினாங்க.”

“அம்மா, மன்றத்தோட அதிகாரம் எல்லாம் இப்ப என்கிட்ட. நான் உங்களுக்கு எழுத்துல உத்தரவு போடலாம்.”

“போடலாம் சார். மன்றம் இருந்தப்பவும் சாகாதவங்களச் செத்ததா எழுதச் சொல்ற அதிகாரம் அதுக்கு இல்ல. இல்லாதது உங்ககிட்ட எப்படி வரும்?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, “உங்க தம்பி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவார். பட்டியல்ல பதினோரு பேர் இருக்கணும், அவ்வளவுதான். அவர்தான் இருக்கணும்னு இல்ல,” என்றார்.

அவள் யோசிக்க வேண்டும் என்றாள். அவர் போனார். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஊர் முழுக்கச் செய்தி போயிற்று. தம்பிக்காக விலைபோய்விட்டாள் என்று ஒரு கூட்டம் சொன்னது. எழுதாமல் இருந்தால் அது தம்பி செய்ததை மறைக்கத்தான் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. பிடிபட்ட மற்ற பத்துப் பேரின் வீட்டுப் பெண்கள் குழாயடியில் அவளைக் கண்டதும் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மண்டபத்திலிருந்த எட்டுப் பேரும் வேறு அவளிடம் வந்து நின்றார்கள். பதிவு போட்டுச் சான்றிதழ் கையில் வந்தால் நாங்கள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று நினைக்கிறோம், எத்தனை நாள்தான் வாசனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஜவுளிக்காரர் கேட்டார். 

வியாழக்கிழமை அவள் சமைக்கவில்லை. தம்பியின் சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போய்ப் பதிவாளருக்கான விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். சந்தேகம் இருந்தால் பதிவாளர் யாரையும் அழைத்து அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. யாரையும் என்றுதான் இருந்தது. உயிரோடு இருப்பவரை என்று இல்லை. அவள் ஒன்பது அறிவிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மண்டபத்தில் எட்டு, தன் வீட்டில் ஒன்று என்று சேர்ப்பித்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது பேரும் பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் நாங்கள் கூடிவிட்டோம், அவள் கதவைச் சாத்தவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். “உங்களுக்கு மொதல்ல ஞாபகம் இருக்கறது என்ன?”

ஜவுளிக்காரர் முதலில் சொன்னார். “சில்லுனு ஒரு ரூம். டைப் அடிக்கிற சத்தம். ஒருத்தர் சொன்னார், அஞ்சு பேர்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, ஒன்பதாப் போடுன்னு. அதுக்கப்புறம் நான் இருந்தேன்.”

கழுத்து வெட்டுக்காரருக்கும் டைப் சத்தம்தான். செயின் தடம் பதிந்தவருக்கு யாரோ காப்பி உறிஞ்சும் சத்தமும் சேர்ந்து நினைவிருந்தது. எட்டுப் பேரும் சொன்னதை அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். கடைசியாக அந்தப் பெண் எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எல்லாம் முடிஞ்சு காகிதத்த உருவப் போனாங்கக்கா. அப்ப ஒருத்தர், ஒரு பொம்பளையும் இருக்கட்டும்னார்.”

வாசலில் நின்ற நாங்கள் தரையைப் பார்த்தோம். இரண்டு மாதமாக ஒருவர் சட்டைக் கையை ஒருவர் மோந்து பார்த்தவர்கள் அல்லவா.

நீதிமன்ற உத்தரவு வந்தபோது தில்லைக்கரசி, மூன்றாம் தேதி இந்த நகராட்சி எல்லைக்குள் இறப்பு எதுவும் பதிவாகவில்லை, பதியக் கேட்டு வந்தவர்களிடம் நடத்திய விசாரணை இத்துடன் இருக்கிறது என்று நாலு வரி எழுதி, ஒன்பது வாக்குமூலத்தையும் இணைத்தாள். அப்போது தபாலைப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். பத்திரிகையே தணிக்கையில் பாதி பத்தி வெள்ளையாக வந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தலைநகருக்கு பஸ் ஏறி, நீதிமன்றக் கவுண்டரில் நேரே கொடுத்து முத்திரை வாங்கி வந்தாள். அந்த வாரமே மேகநாதன் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார். கலியமூர்த்தியை வெகுதூரத்துச் சிறைக்கு மாற்றினார்கள்.

நீதிபதிகள் ஒன்பது பேரையும் நேரில் வரச் சொன்னார்கள். புறப்பட்ட அன்று ஊரே பஸ் ஸ்டாண்டில் இருந்தது, ஆனால் அருகில் போய்ப் பேசியவர்கள் குறைவு. யார் பார்க்கிறார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்ற பயம் அப்போதும் போகவில்லை. எங்கள் ஊர்க் கண்டக்டர் தங்கப்பழம்தான் அந்த பஸ்ஸில். அவன் ஒன்பது பேருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை. இறந்தவர்களுக்குக் கட்டணம் குறித்து விதி இல்லை என்று சொன்னான். தில்லைக்கரசியும் அந்தப் பெண்ணும் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தது முழுக்க அவன் காதில் விழுந்தது.

“கோர்ட்ல நாங்க இல்லவே இல்லன்னு சொல்வாங்களாக்கா?”

“அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க இருக்கீங்கன்னா நீங்க சொன்னத ஒத்துக்கணும். அதுக்கு நீங்க இல்லைங்கறதே அவங்களுக்குத் தேவலை.”

“சொல்லிட்டா நாங்க இருப்போமா?”

தில்லைக்கரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரும்புத் தோட்டம் ஒன்று முழுதாகப் போய் முடிந்தது. “தெரியல,” என்றாள். பிறகு சட்டென்று அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவோம். நான் எழுதிடறேன். பதிவேடு இப்ப என்கிட்ட இல்ல, ஆனா நான் கேட்டா மேகநாதன் குடுப்பார். செத்தேன்னாவது ஒரு எடத்துல இருப்ப.”

இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அது ஒருமுறைதான். தங்கப்பழம் விசில் ஊதாமல் நின்றான்.

அந்தப் பெண் முந்தானையை விலக்கித் தலைக் காயத்தைத் தொட்டாள். “எழுதினா, இந்தக் கல்ல உங்க தம்பி போட்டதா ஆயிடும். இல்ல, வேற ஒருத்தர் தம்பி. இது யாரும் எறியாத கல்லுக்கா. யார் கையிலயாவது கொண்டுபோய்க் குடுக்கணுமா?”

பிறகு வழியில் வண்டி நின்ற இடத்தில் தில்லைக்கரசி அவளுக்கு முழம் பூ வாங்கி, காயம் இல்லாத பக்கமாகப் பார்த்து வைத்துவிட்டாள்.

நீதிமன்றத்தில் நடந்தது கால்மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஒன்பது பேரும் சுவரோரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவர்களைச் சாட்சியாக ஏற்கக்கூடாது, இவர்களுக்குப் பிறப்பு இல்லை, முகவரி இல்லை, சட்டத்தின் கண்ணில் இப்படி ஒன்பது பேர் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று அழுத்தமாக வாதாடினார். நன்றாகத்தான் வாதாடினார். மூத்த நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் ஏழுமதகில் இறந்தது யார் என்று கேட்டார். வழக்கறிஞர் குறிப்புகளைப் புரட்டினார். அவசர அதிகாரம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, அதிகாரம் இருக்கத்தான் இருக்கிறது, ஒரு மாநிலத்து மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்தவர்களை எழுப்பிவிட நீங்கள் காட்டிய காரணம் எங்கே என்பதுதான் கேள்வி என்றார் நீதிபதி.  கடைசியில் வழக்கறிஞர், அவர்கள் அறிக்கையில் மட்டுமே இருக்கிறார்கள் என்றார்.

“பதிவு செய்துகொள்ளுங்கள்,” என்றார் நீதிபதி.

சுருக்கெழுத்தர் எழுத எழுத, பெஞ்சு ஒரு முனையிலிருந்து காலியாகிக்கொண்டு வந்தது. ஜவுளிக்காரர் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார், அப்புறம் அவரும் மூட்டையும் இல்லை, செட்டியார் கடைச் சேலை நான்கும் கிடந்தன. கழுத்து வெட்டுக்காரர்கள் இருவரும் இல்லை. மறுமுனையில் அந்தப் பெண், பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தில்லைக்கரசியின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்ததா, பிடிப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்றா என்று தனக்குத் தெரியவில்லை என்று தில்லைக்கரசி சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பூ மட்டும் கிடந்தது. அது கடையில் வாங்கிய பூ, அது இருக்கத்தானே செய்யும்.

பிரகடனம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மந்திரிசபை திரும்ப வந்தது, நகராட்சி மன்றம் திரும்ப வந்தது, மேகநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார், பதினோரு பேரும் மாலை போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் வெடி போட்டோம். ஆனால் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பேச்சு வரவில்லை. அண்ணன் தம்பிக்கும் வரவில்லை. நடக்கவில்லை என்று கோர்ட்டே சொல்லியாயிற்று, ஆனாலும் அந்தக் கால்மணித் தூறலை யாராலும் மறக்க முடியவில்லை.

கலியமூர்த்தி மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அக்காளிடம் ஒன்றுதான் கேட்டான். “வெள்ளிக்கிழமை விடறேன்னு சொன்னாராமே.”

“சொன்னார்.”

“நீ மாட்டேன்னியா?”

“உனக்குப் பதிலா இன்னொருத்தன ஏத்தறேன்னார்.”

அவன் தலையை ஆட்டினான். புரிந்தது என்றுதான் சொன்னான். ஆனாலும் ஒரு மாதத்துக்குள் மண்டி ஓரமாகத் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சிறையில் அவன் இடது காது கேட்காமல் போயிருந்தது, அக்காள் எப்போதும் அந்தப் பக்கமாகவே நின்று பேசுகிறாள் என்று யாரிடமோ சொன்னானாம்.

தில்லைக்கரசி மறுபடி பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்த இரண்டாம் மாதம், ஆளும்கட்சி நகரச் செயலாளர் வேதமாணிக்கம் நாலு பேரோடு வந்தார். கையில் ஒரு வரைபடம், பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒன்பது தூண் வைத்த மண்டபம்.

“மக்களாட்சிக்காக உயிர் விட்ட ஒன்பது பேருங்கம்மா. மந்திரி வந்து திறக்கறார். கல்வெட்டுல பொறிக்கப் பதிவு நம்பர் வேணும்.”

“அப்படி யாரும் சாகலீங்களே. நீங்கதானே கோர்ட்ல அதச் சொல்லி ஜெயிச்சீங்க.”

“அது வழக்குக்கு. இப்ப ஆட்சி நம்மளுதும்மா. அன்னைக்கு அவனுக்கு எழுத மாட்டேன்னீங்க, அதுக்காகத்தான் உங்கள மேடையில உக்கார வெக்கப் போறோம். இன்னைக்கு நமக்கு எழுதறதுல என்ன?”

“அவருக்கு இல்லாத அதிகாரம் உங்களுக்கும் இல்லைங்க. எனக்கும் இல்ல.”

வேதமாணிக்கம் அவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மேகநாதன் பார்த்த அதே மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன், இவர் கண்ணாடி போடுவதில்லை. “நீங்க எந்தப் பக்கம்மா?” என்று கேட்டுவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார். அவள் ஆரம்பத்திலிருந்தே தனி அலுவலரின் ஆள் என்ற பேச்சு அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிட்டது. நாங்கள் அதை மறுக்கவில்லை. ஜீப் அரைமணி நேரம் நின்றதை நாங்களே பார்த்தோமே.

மாற்றல் உத்தரவு தை மாதம் வந்தது, மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு சின்ன ஊருக்கு. ஒரு டிரங்குப் பெட்டியோடு ஏறினாள், வழியனுப்ப நாங்கள் நாலைந்து பேர்தான் போனோம். மற்றதைத் தங்கப்பழம் வந்து சொன்னான்.

பாதி வழியில் ஒரு நடுவயதுப் பெண் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். நல்ல மனுஷி, ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்தாளாம். எந்த ஊர் என்று கேட்டாள். ஏழுமதகு என்றாள் தில்லைக்கரசி.

“ஐயோ பாவம், அந்தக் கலவரம் நடந்த ஊரா. ஒன்பது பேர் செத்தாங்களே.”

“யாரும் சாகலீங்க. கலவரமே நடக்கல.”

“என்னங்க சொல்றீங்க, ரேடியோல கேட்டேனே. ஒரு பொம்பளகூட உண்டுன்னு சொன்னாங்க.”

“அந்தப் பொம்பள என் வீட்டுலதான் இருந்தா,” என்றாள் தில்லைக்கரசி. “ரொம்ப நல்லவ. வெங்காயம் நைசா அரிவா.”

பக்கத்து சீட்டுப் பெண் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டாள்.  “நெருப்பில்லாம பொகையுமாங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இருவருக்கும் நடுவிலிருந்த தன் கைப்பையை எடுத்து ஜன்னல் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டாள்.